யாழ்ப்பாணத்து வீட்டில் சவுனா: இடம் பார்ப்பதிலிருந்து முதல் சூடு வரை

நோர்வேயிலும் சுவிஸிலும் ஜெர்மனியிலும் இருந்து வந்து ஊரில் வீடு கட்டுகிறவர்கள் சிலர், வரைபடத்தின் மூலையில் ஒரு சதுரத்தைக் காட்டி, “இதிலை ஒரு சவுனா வேணும், செய்யலாமோ?” என்று கேட்கிறார்கள். செய்யலாம். எங்கள் மேசன்மாரும் தச்சர்மாரும் எடுத்துச் சொன்னால் அருமையாகச் செய்வார்கள். வேலை பெரும்பாலும் பிழைப்பது வரிசை மாறுவதால்தான். பலகை அடித்து முடிந்த பிறகு வயர் நினைவுக்கு வரும். கதவு பூட்டிய பிறகு காற்றுத்துளை நினைவுக்கு வரும். சவுனாவுக்கு உயிரான எல்லாமே பலகைக்குப் பின்னால் மறைந்து போகிறவை. அதனால் மறையப்போவதை முதலில் தீர்மானித்து, முதலில் முடிக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

1. சவுனாவா, நீராவி அறையா?

சவுனா என்பது உலர்ந்த சூடு. மேல் வாங்கில் 70 முதல் 90 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஹீற்றரில் அடுக்கிய சூடான கல்லில் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றும்போது மட்டும் ஈரச்சூடு எழுந்து உடம்பில் படும், பிறகு அடங்கும். நீராவி அறை வேறு சாமான். அங்கே சூடு 45 பாகை அளவுதான், ஆனால் ஈரம் முழுதாக நிற்கும். அதைச் சுவர் முழுக்க டைல்ஸ் பதித்து, நீர்த்துளி தலையில் சொட்டாமல் கூரையைச் சரித்துக் கட்ட வேண்டும்.

இரண்டையும் ஒரே அறையில் கேட்பவர்கள் உண்டு. மரம் அடித்த அறையில் நாள்தோறும் நீராவியை விட்டால் மரம் உக்கிப்போகும். ஒன்றைத் தெரிந்தெடுங்கள். இனிச் சொல்வதெல்லாம் சவுனாவுக்கு.

2. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இருதய வருத்தம் உள்ளவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர், கர்ப்பிணிகள் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. மது அருந்திவிட்டு ஒருவரும் போகக் கூடாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், அது வடிவமைப்பையும் மாற்றும் என்பதுதான். வயதானவர்கள் பாவிக்கப்போகும் வீட்டில் கீழ் வாங்கு அகலமாக வேண்டும், ஏறப் படி வேண்டும், பிடிக்க மரப்பிடி வேண்டும்.

இன்னொன்று. குளிர் நாட்டில் சவுனாவை விட்டு வெளியே வந்ததும் உடம்பு தானாக ஆறும். இங்கே சித்திரை மத்தியானத்தில் வெளியே வந்தால் அங்கேயும் 33 பாகைதான். ஆகவே ஆறுவதற்கான இடத்தையும் சவுனாவின் பாதியாக நினைத்துத் திட்டமிடுங்கள். பாவிக்கும் நேரம் விடியப்புறம் அல்லது இரவு. ஒருமுறைக்கு 10, 15 நிமிடம் போதும். இடையில் மோரோ இளநீரோ குடிக்க வேண்டும்.

3. இடம்

நல்ல இடம் கிணற்றடிக்கோ வெளிக் குளியலறைக்கோ பக்கத்தில். குளித்துவிட்டு உள்ளே போகவும், வெளியே வந்து தண்ணீர் வார்க்கவும் வசதி. பழைய வீடுகளில் வளவுக்குள் பாவிக்காமல் கிடக்கும் சாமான் அறை பல தடவை மிகப் பொருத்தமாக அமையும். சுவர் ஏற்கெனவே இருக்கும், உள்ளே ஒரு பெட்டியைக் கட்டினால் போதும்.

காற்றைப் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். ஆறும் விறாந்தையைச் சோளகம் தொடும்படி தெற்கிலோ மேற்கிலோ வையுங்கள். சவுனாவின் கதவும் காற்றுத்துளையும் வாடை நேராக அடிக்கும் பக்கத்தில் வேண்டாம், மழைச்சாரல் உள்ளே போகும்.

வீட்டில் மனையடி சாத்திரம் பார்ப்பவர்கள் இருந்தால் அக்கினி மூலை என்று தென்கிழக்கைச் சொல்வார்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே அவர்களோடு கதைத்து முடித்துவிடுங்கள். பாதி கட்டிய பிறகு கதவின் திசையை மாற்றச் சொல்லி வேலை நின்ற வீடுகள் உண்டு. வளவில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்புவதானால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி கேட்க வேண்டும்.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதில் துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. புகைக்குழாயும் காற்றுக்குழாயும் சுவர் வழியாகத்தான் போக வேண்டும்.

4. அளவும் உயரமும்

முதற்தடவை கட்டுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எங்கள் வீடுகளுக்கு 10, 11 அடி உயரம் பழக்கம். சூடு மேலே போய்விடட்டும் என்பதற்காக. சவுனாவில் அந்தச் சூடுதான் எங்களுக்கு வேண்டும். உயரம் கூடினால் சூடு தலைக்கு மேலே தேங்கும், காலடி குளிர்ந்திருக்கும், மின்சாரக் கட்டணம் மட்டும் ஏறும். 7 அடி, கூடினால் 7½ அடி. பழைய அறையாக இருந்தால் அந்த உயரத்தில் ஒரு பொய்க்கூரை அடிக்க வேண்டும்.

நீளம் அகலம் 6 அடிக்கு 6 அடி என்றால் மூன்று, நான்கு பேர் வசதியாக இருக்கலாம், ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம். அதைவிடப் பெரிதாகக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பேருக்காக ஒரு மண்டபத்தைச் சூடாக்குகிறார்கள்.

அளவு சரிதானா என்று பார்க்க, முற்றத்தில் சுண்ணாம்பால் முழு அளவில் கோடு போடுங்கள். வாங்கு வரும் இடத்தில் கதிரைகளை வையுங்கள், ஹீற்றர் வரும் இடத்தில் ஒரு பெட்டியை வையுங்கள். வீட்டார் எல்லாரும் உள்ளே போய், இருந்து, எழும்பி, வெளியே வரட்டும். ஹீற்றரில் முட்டாமல் வர முடியவில்லை என்றால் கோட்டை அழித்து மீண்டும் போடலாம். சுவர் கட்டிய பிறகு அழிக்க முடியாது.

5. மின்சாரம்: மரம் வாங்க முன் இதை முடியுங்கள்

அறையின் கனவளவுக்கு ஏற்ப ஹீற்றரின் வலு வரும். ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோவாற் என்று கணக்கு வைத்துக்கொண்டு, பிறகு தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 6 கிலோவாற் ஹீற்றர் வழமையாக 5 முதல் 8 கனமீற்றர் வரைக்கும், 8 கிலோவாற் அதற்கு மேலும் என்று போட்டிருப்பார்கள்.

மேலே சொன்ன அறை 6 × 6 × 7 = 252 கனஅடி, அதாவது 7.1 கனமீற்றர். 6 கிலோவாற் போதும். இனி, வடிவாக இருக்கிறது என்று முழுக் கண்ணாடிக் கதவு போடுகிறோம். கண்ணாடி சூட்டைத் தாங்கி வைக்காது. அதனால் ஒவ்வொரு சதுர மீற்றர் கண்ணாடிக்கும் ஏறத்தாழ 1.2 கனமீற்றர் கூட்டச் சொல்வார்கள். 2 அடிக்கு 6¼ அடிக் கதவு ஏறத்தாழ 1.16 சதுர மீற்றர். கணக்கு 8.5க்குப் போய்விட்டது. இப்போது 8 கிலோவாற் வேண்டும்.

இந்த ஒரு கதவு எதை மாற்றுகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை தந்திருப்பது ஒருகட்ட (சிங்கிள் ஃபேஸ்) 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்றில் 6 கிலோவாற் 26 அம்பியர் இழுக்கும். மிச்சம் 4 அம்பியரில் கிணற்று மோட்டரும் போட முடியாது, அயன் பண்ணவும் முடியாது. 8 கிலோவாற்றோ 34 அம்பியருக்கு மேல் கேட்கும். அந்த இணைப்பில் நடக்கவே நடக்காது. மூன்றுகட்ட இணைப்பில் அதே 8 கிலோவாற் ஒரு கட்டத்துக்கு 12 அம்பியருக்கும் குறைவுதான். ஆகவே 6 கிலோவாற்றுக்கும் அதற்கு மேலும் போகிறீர்கள் என்றால் மூன்றுகட்ட இணைப்புக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அதற்கு நாள் எடுக்கும். அது கையில் வரும்வரை ஹீற்றருக்குக் காசு கட்டாதீர்கள். மூன்றுகட்டம் வேண்டாம் என்பவர்கள் அறையைச் சுருக்கி, மரக்கதவு போட்டு, 4.5 கிலோவாற்றோடு நிற்கலாம். அது கிட்டத்தட்ட 20 அம்பியர்.

பின்னேரங்களில் வோல்றேச் விழும் இடங்கள் உண்டு. 230 வோல்ற் 207 ஆக இறங்கினால் ஹீற்றரின் வலு 81 வீதமாகக் குறையும். சில நாள் இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் வோல்றேச்சை அளந்து எழுதி வையுங்கள். எப்போதும் குறைவாக இருந்தால் ஒரு படி பெரிய ஹீற்றர் எடுக்க வேண்டிவரும்.

வயறிங் பற்றிச் சுருக்கமாக. ஹீற்றருக்குத் தனிச் சுற்று, தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச். ஒருகட்ட 6 கிலோவாற்றுக்கு 6 சதுர மில்லிமீற்றர் கம்பி. அறைக்குள் ஹீற்றருக்குப் போகும் கடைசித் துண்டு சூடு தாங்கும் சிலிக்கன் வயராக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி வயர் 70 பாகைக்கு மட்டும் செய்தது. பலகைக்குப் பின்னால் அது காய்ந்து வெடித்தால் ஒருவருக்கும் தெரியாது. எர்த் கம்பியைக் கோடையில் அளக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் நிலம் காய்ந்திருக்கும்போது எர்த் பலவீனமாகும், மாரியில் அளந்தால் நன்றாகத்தான் காட்டும். இந்த வேலை முழுவதையும் தகுதிபெற்ற மின்வேலைக்காரர் செய்ய வேண்டும்.

செலவையும் இப்போதே பாருங்கள். சூடாக 40 நிமிடம், பிறகு ஒரு மணித்தியாலம் பாதி வலுவில் என்றால் 6 கிலோவாற் ஹீற்றருக்கு ஒருதடவைக்கு ஏறத்தாழ 7 யூனிட். கிழமைக்கு மூன்று தடவை என்றால் மாதம் 90 யூனிட் வரை கூடும். அது உங்கள் பில்லை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். கூடிய விலை அந்த மேல் யூனிட்டுகளுக்கு விழும்.

6. விறகு அடுப்பு போட நினைத்தால்

மின்சாரத் தலையிடி இல்லை, சூடும் அருமை. ஆனால் நெருப்பின் ஒழுங்கு வேண்டும். சவுனாவுக்கென்று செய்த, புகைக்குழாய் உள்ள அடுப்பு மட்டும். குழாய் மரத்தையும் கூரையையும் தொடாமல், தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியோடு போக வேண்டும்.

பக்கத்தில் கிடுகு வேலியோ ஓலைக் கொட்டிலோ இருந்தால் விறகு அடுப்பை மறந்துவிடுங்கள். சோளகத்தில் ஒரு பொறி போதும். பனை மட்டையும் தென்னம் மட்டையும் பற்றவைக்க நல்லவை, ஆனால் பொசுக்கென்று எரிந்து முடியும். நிலைத்த சூட்டுக்கு நன்றாகக் காய்ந்த கட்டை விறகு வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊமல்கரியோ சிரட்டைக்கரியோ போட்ட சட்டியை மூடிய அறைக்குள் சூட்டுக்காக வைக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. உள்ளே இருப்பவர் தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டே உயிர் விடுவார்.

7. வாங்கு, ஹீற்றர், கதவு

இப்போது தாளில் வரையுங்கள். மேல் வாங்கு கூரையிலிருந்து 42 முதல் 44 அங்குலம் கீழே. 7 அடி அறையில் அது தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் வரும். அகலம் 24 அங்குலம். கீழ் வாங்கு அதிலிருந்து 18 அங்குலம் கீழே, அகலம் 18 அங்குலம். கால் நிலத்தில் தொங்கினால் தலை வேகும், பாதம் குளிரும். அதனால்தான் கீழ் வாங்கு காலுக்கும் வேண்டும். இரண்டுக்குமாக 42 அங்குலம் போனால், 6 அடியில் மிச்சம் 30 அங்குலம் நிற்கவும் ஹீற்றருக்கும்.

ஹீற்றர் கதவுப் பக்கச் சுவரில் வரட்டும். சுற்றிவர மரத்துக்கு எவ்வளவு இடைவெளி என்பது அதன் கைநூலில் இருக்கும். அந்த எண்ணில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெப்பம் உணரும் கருவி எங்கே என்பதையும் அதே கைநூலைப் பார்த்துக் குறியுங்கள், ஏனென்றால் அதன் வயரும் பலகைக்குப் பின்னால்தான். முன்னால் ஒரு மரக் காவல் அடிக்க வேண்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கொண்டியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்; தள்ளினால் திறக்கும் காந்தமோ உருளைப் பிடியோ போதும். மயக்கம் வந்தவர் கதவில் சாய்ந்தாலே வெளியே விழ வேண்டும். களவுப் பயத்தில் வெளியே பூட்டுப் போட விரும்பும் வீடுகளில், பூட்டை ஆறும் விறாந்தையின் கேற்றுக்குப் போடுங்கள். கண்ணாடிக் கதவென்றால் 8 மில்லிமீற்றர் வலுவூட்டிய கண்ணாடி. இரண்டு பக்கமும் மரப்பிடி.

விளக்கு கூரையில் வேண்டாம், அங்கேதான் உச்சச் சூடு. வாங்குக்குக் கீழே, சூடு தாங்கும் மூடிய விளக்கு. சுவிட்ச் வெளியே.

8. காற்றோட்டம்

மூன்று பேர் மூச்சுவிடும் மூடிய பெட்டி இது. காற்று மாறாவிட்டால் பத்து நிமிடத்தில் தலையிடிக்கும். பலர் அதைச் சூடு தாங்கவில்லை என்று நினைத்து வெளியே வருவார்கள். மணித்தியாலத்துக்கு ஆறு தடவை காற்று மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 7 கனமீற்றர் அறைக்கு அது 42 கனமீற்றர்.

புதுக்காற்று ஹீற்றர் பக்கத்தால் வந்து, சூடாகி மேலே போய், வாங்கில் இருப்பவர்களைக் கடந்து, எதிர்ச்சுவரில் மேல் வாங்குக்குக் கீழே உள்ள துளையால் வெளியேற வேண்டும். இரண்டும் 4 அங்குலத் துளை. வெளியேறும் துளை கீழே இருக்கிறபடியால் காற்று தானாகப் போகாது. அதிலிருந்து ஒரு தகரக் குழாயைச் சுவரோடு மேலே கொண்டுபோய்க் கூரை உயரத்தில் வெளியே விடுங்கள், அல்லது குழாயின் வெளி முனையில் ஒரு சிறிய குளியலறை விசிறி பூட்டுங்கள். இங்கே நான் விசிறியைத்தான் விரும்புவேன். விசிறி வைத்தால் புதுக்காற்றுத் துளையை ஹீற்றருக்கு மேலே வைக்கலாம். விசிறி இல்லையென்றால் ஹீற்றருக்குப் பக்கத்தில் தரையோடு. கைநூல் வேறு இடம் சொன்னால் அதன்படி.

மூன்றாவது துளை ஒன்று கூரையோடு, மூடி திறக்கக்கூடியதாக. பாவிக்கும்போது மூடியிருக்கும். முடிந்த பிறகு திறந்தால் ஈரம் வெளியேறும். எல்லாத் துளைக்கும் துருப்பிடிக்காத வலை அடியுங்கள்; பல்லியும் குளவியும் ஹீற்றருக்குள் குடியேற விரும்பும்.

சரியா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். சூடு ஏறிய பின் புதுக்காற்றுத் துளையில் பிடித்தால் புகை உள்ளே வளைய வேண்டும். வாங்குக்குக் கீழே பிடித்தால் துளைக்குள் இழுபட வேண்டும். இரண்டிடத்திலும் புகை நேராக எழுந்தால் காற்று நிற்கிறது என்று பொருள். பலகை அடிக்க முன் விசிறியைப் போட்டு ஒருமுறையும், முடிந்த பின் ஒருமுறையும் பாருங்கள்.

9. தரை, வடிகால், கறையான்

தரை சீமெந்தும் வழுக்காத டைல்ஸும். வடிகாலை நோக்கி ஆறடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு. டைல்ஸைச் சுவரிலும் 4 அங்குலம் ஏற்றுங்கள், மரம் அதற்கு மேலேதான் தொடங்க வேண்டும். காலுக்கு மரச்சட்டம் போடலாம், ஆனால் தூக்கி வெளியே காயவைக்கக்கூடியதாக.

கறையானுக்கு மருந்து மண்ணுக்குத்தான், மரத்துக்கு அல்ல. அத்திவாரம் போடும்போதே மண்ணுக்கு அடித்துவிடுங்கள். உள்ளே வரும் மரத்துக்குக் கறையான் எண்ணெயோ, ஊரில் வழக்கமாகப் பூசும் பழைய என்ஜின் ஒயிலோ தொடவே கூடாது. 80 பாகையில் அது ஆவியாகி உங்கள் மூச்சுக்குள் வரும். தச்சருக்கு இதை வேலை தொடங்கும் நாளில் சொல்லுங்கள். அவர் நல்லெண்ணத்தில் வீட்டிலேயே பூசிக்கொண்டு வந்துவிடுவார்.

10. வெப்பக் காப்பும் அலுமினியத் தாளும்

சீமெந்துக் கல் சுவர் சூட்டை உறிஞ்சும். சுவரோடு நேராகப் பலகை அடித்தால் ஹீற்றர் உங்களுக்கு முன் சுவரைச் சூடாக்கும். ஆகவே சுவரிலிருந்து உள்ளே வரும் வரிசை இது: மரச்சட்டம், அதற்கிடையில் காப்பாக ரொக்வூல் அல்லது கிளாஸ்வூல், அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் சலாகை (ஒடுக்கமான மரக்கீற்று), கடைசியில் பலகை. சுவருக்கு 2 அங்குலக் காப்பு, கூரைக்கு 4 அங்குலம்.

ஹாட்வெயாரில் கூரைத் தகரத்துக்குக் கீழே அடிக்கிற பளபளப்பான நுரை சீற்றைக் காட்டி, “இதுவும் இன்சுலேஷன்தான்” என்பார்கள். வெளியில் அலுமினியம் மினுங்கும், உள்ளே பொலித்தீன் நுரை. சவுனாக் கூரையின் சூட்டில் அது உருகிச் சுருங்கும். ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையும் அப்படித்தான், 80 பாகை அளவிலேயே இளகிவிடும். இரண்டும் வேண்டாம். ஜிப்சம் பலகை, பிளைவுட், எம்டிஎஃப் ஆகியவையும் வேண்டாம்; பிளைவுட்டிலும் எம்டிஎஃப்பிலும் உள்ள பசை சூட்டில் மணக்கும், கண்ணை எரிக்கும்.

அலுமினியத் தாள் சூடான பக்கத்தில்தான் வர வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் காப்புக்குள் போனால் அது நனைந்து, பூஞ்சணம் பிடித்து, சட்டத்தை உக்கவைக்கும். கூரையிலிருந்து தொடங்கி, சுவர்த் தாளைக் கூரைத் தாளோடு சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்று 4 அங்குலம் ஏற்றி, அலுமினிய நாடாவால் ஒட்டுங்கள். வயரும் குழாயும் வெளிவரும் ஒவ்வொரு துளையையும் சுற்றி ஒட்டுங்கள். கைதவறிக் கிழிந்த ஒவ்வொரு இடத்தையும் உடனே ஒட்ட வேண்டும். “பலகைதானே மூடும்” என்று விட்ட கிழிசலிலிருந்துதான் கறுப்பு படரும்.

அதன்மேல் அரை முதல் முக்கால் அங்குலச் சலாகை. இது தாளுக்கும் பலகைக்கும் இடையே காற்று ஓட விடும். பலகையைக் கிடையாக அடிப்பதானால் சலாகை நிலைக்குத்தாக. அப்போதுதான் காற்று மேலே ஏறும். பலகைக்கு மேலும் கீழும் அரை அங்குலம் விடுங்கள். நிறைய வேலைகளில் இந்தச் சலாகையை மிச்சம் பிடிக்கிறார்கள். அடுத்த மாரிக்குள் பலகையின் பின்புறம் கறுத்துவிடும்.

மரவேலையைத் தை தொடங்கி ஆவணிக்குள் முடிப்பது நல்லது. மழைக்காலத்தில் ஊதியிருக்கும் பலகையை அடித்தால், முதல் சூட்டிலேயே சுருங்கி இடைவெளி விழும். அடிக்க முன் இரண்டு கிழமையாவது பலகைகளை அதே அறையில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள்.

11. மரம்

எங்கள் மனதில் நல்ல மரம் என்றால் முதிரை, பாலை, தேக்கு, பனை. வீட்டுக் கூரைக்கு அவை அருமை. சவுனா வாங்குக்கு அவை கூடாது. அடர்த்தியான மரம் சூட்டை விரைவாகத் தோலுக்குக் கடத்தும், இருக்க முடியாது. இங்கே பாரமில்லாத, நார் நெருக்கமில்லாத மரம் வேண்டும். இறக்குமதி செய்தால் அஸ்பென், ஆல்டர், அபாச்சி. உள்ளூரில் நான் முதலில் கேட்பது மலைவேம்பு. தச்சர்மார் லுணுமிதெல்ல என்றே சொல்வார்கள். பாரம் குறைவு, கூரைப் பலகைக்கு நாட்டில் பாவனையில் உள்ள மரம்.

பைன் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் கணு இருக்கும் பலகையில் பிசின் வரும். வாங்க முன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, மத்தியான வெயிலில் தகரக் கூரைமேல் வைத்துவிட்டுப் பின்னேரம் பாருங்கள். கணுவைச் சுற்றி மினுமினுவென்று பிசின் முத்து முத்தாகக் கசிந்து, விரலில் ஒட்டினால், அந்தப் பலகை சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும். வாங்குக்குக் கணுவில்லாத பலகை.

வாங்குப் பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விடுங்கள், மூலைகளை உருட்டுங்கள். ஸ்குரூ எல்லாம் கீழிருந்து மேலாக. இரும்புத் தலை ஒன்று மேலே தெரிந்தால் அது தோலைச் சுடும். ஸ்குரூவும் ஆணியும் துருப்பிடிக்காத இரும்பு. பருத்தித்துறை, காங்கேசன்துறை, தீவுப்பகுதி போன்ற உப்புக்காற்று இடங்களில் 316 தரம் கேட்டு வாங்குங்கள்.

வார்னிஷ், சீலர், பெயின்ட் எதுவும் உள்ளே வேண்டாம். வாங்குக்கு மட்டும், வேண்டுமானால், சவுனாவுக்கென்று விற்கும் பரபின் எண்ணெய்.

12. கல்லும் தண்ணீரும்

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். அதை ஹீற்றரில் அடுக்கினால் சூடும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு உதிர்ந்து தூளாகும். ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் ஈரம் இருந்தால் வெடிக்கும். வன்னியிலிருந்து வரும் கருங்கல்லும் படை படையாகப் பிளக்கலாம். ஹீற்றரோடு விற்கும் சவுனாக் கல்லையே வாங்குங்கள். கழுவி, காற்று ஊடே போகும்படி தளர்வாக அடுக்குங்கள், பெரியது கீழே. இறுக அடுக்கினால் ஹீற்றருக்குள் சூடாகும் கம்பிகளான மூலகங்கள் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய விடயம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை கல்லிலும் ஹீற்றர் மூலகத்திலும் படியும். கரையோரத்திலும் தீவுகளிலும் உவரும் சேர்ந்தால் உலோகம் அரித்துவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று கைநூல்களிலேயே இருக்கும். கல்லில் ஊற்ற மழைத்தண்ணீர் அல்லது வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர். ஒருதடவைக்கு ஒரு வாளிகூடத் தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில், முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, மூடிய தாங்கியில் பிடித்தால் நெடுநாளைக்குக் காணும். உடம்புக்கு வார்க்கக் கிணற்றுத் தண்ணீர் தாராளமாக.

ஊற்ற, நீளப் பிடி போட்ட சிரட்டை அகப்பையைவிட நல்ல சாமான் இல்லை. கை சுடாது. வாளி மரம் அல்லது துருப்பிடிக்காத இரும்பு.

13. முதல் சூடு

முதல் தடவை ஒருவரும் உள்ளே போகக் கூடாது. கதவையும் எல்லாத் துளைகளையும் திறந்து, ஒரு மணித்தியாலம் முழுச் சூட்டில் விடுங்கள். மூலகத்தில் பூசியிருந்த எண்ணெய், நாடாவின் பசை எல்லாம் மணந்து போகட்டும். பிறகு ஆறவிட்டு, கல்லை மீண்டும் அடுக்குங்கள்.

இரண்டாம் தடவை கதவை மூடி, மேல் வாங்கில் தலை வரும் உயரத்தில் வெப்பமானியை வைத்து நேரம் பாருங்கள். 30 முதல் 45 நிமிடத்தில் 75, 80 பாகை வர வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் முதலில் வோல்றேச், பிறகு கல் அடுக்கு, பிறகு கூரைக் காப்பு என்ற வரிசையில் தேடுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், பெரும்பாலும் நெடுநாள் பாவிக்காமல் கிடந்த ஹீற்றரின் மூலகம் ஈரம் குடித்திருக்கும். மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு அளந்து காயவைக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்துத் தர யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

14. பாவித்த பிறகும், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும்

எல்லாரும் வெளியே வந்த பின் கூரைத் துளையையும் கதவையும் திறந்து, ஹீற்றரை இன்னும் 15, 20 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மரச்சட்டத்தைத் தூக்கி நிமிர்த்தி வையுங்கள். மாரியில் இதைத் தவறவிட்டால் ஒரு கிழமையில் மணம் தொடங்கும். இருக்கும்போது துவாய் விரித்து இருந்தால் வாங்கு வியர்வைக் கறை பிடிக்காது.

மழை நாட்களில் காயாத உடுப்பை ஹீற்றருக்கு மேலே கொடி கட்டிப் போடும் எண்ணம் எவருக்கும் வரும். ஒரு சீலை கல்லில் விழுந்தால் அறையே பற்றிவிடும். சவுனா உடுப்புக் காயப்போடும் இடமல்ல என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும், உதவிக்கு வருகிறவருக்கும் சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஹீற்றரின் மெயின் சுவிட்சை நிறுத்தி, கதவை ஒரு கட்டையால் சற்றே திறந்து, துளைகளைத் திறந்து விட்டுப் போகட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மூன்று வேலை. மாதத்தில் ஒருதடவை, கல்லில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று அரை மணித்தியாலம் சூடாக்க வேண்டும், மூலகம் ஈரம் குடிக்காமல் இருக்க. வடிகால் வளைவில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும்; அது வற்றினால் குழாய் மணமும் கரப்பானும் மேலே வரும். டைல்ஸ் விளிம்பில் கறையான் புற்று ஏறுகிறதா என்று ரோர்ச் அடித்து வாங்குக்குக் கீழே சுற்றிவரப் பார்க்க வேண்டும். புறப்படும் நாளில் அவரைக் கூட்டிப்போய், மூன்றையும் உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.